கொழுந்துத் தராசில் இறுக்கிய எஞ்சின்

1. ஆணிப் பலகை

எஸ்டேட் ஒர்க்‌ஷாப் ஸ்டோருக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள், போர்மேன் என்னை ஒரு பலகையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுவர் முழுக்க அந்தப் பலகைதான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே அந்தச் சாமானின் உருவம் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருந்தது. ஸ்பேனரை எடுத்துவிட்டால் அதன் கறுப்பு உருவம் மட்டும் அங்கே நிற்கும்.

"இந்தாம்மா பிலோமினா, சாயந்தரம் வேல முடியறப்ப இதுல ஒரு கறுப்புகூடத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நீதான் தேடணும். தொர உன்னத்தான் கேப்பாரு."

"ஒடஞ்சு வந்தா?"

"ஏன் ஒடஞ்சதுன்னு கேளு. கேக்காம புதுசு குடுக்காத."

அந்த ஒரு உத்தரவுதான் நான் படித்த படிப்பு. லோரி, டிராக்டர், பேக்டரி மெஷின் என்று எதையெதையோ பிரித்த ஆட்கள் என் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து உடைந்த சாமானை நீட்டுவார்கள். நான் விடாமல் கேட்பேன். வாய் விரிந்த ஸ்பேனர், பல் கொட்டிய ராட்செட், முறுக்கிக்கொண்ட ஸ்குரூ டிரைவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். பாதிக் கதை பொய். எது பொய் என்று சாமானைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்குரூ டிரைவரைச் சுத்தியலால் அடித்திருந்தால் அதன் தலையில் தழும்பு இருக்குமே, அதை எப்படி மறைப்பார்கள்?

ஓய்வு பெறும்போது எந்தச் சாமான் எதனால் சாகும் என்று எனக்கு அத்துப்படி. அதனால்தான் இன்று மலிவுச் சாமானைப் பார்த்துப் பயப்படாமல் வாங்குகிறேன்.

2. கைப்பையில் இரண்டு போல்ட்

ஓய்வுக்குப் பிறகு கம்போங் ராஜாவில் வீடு எடுத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் அந்தோணி தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டியவர். எந்த வளைவிலும் வண்டியை வளைத்துவிடுவார். பானெட்டைத் திறந்தால் மட்டும் செபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஆகவே எங்கள் பழைய வேனை நான்தான் பார்த்துக்கொண்டேன். பிரேக் பேட், ஆயில், பேன் பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் கை பழகியது.

சாமான் வாங்க எனக்கு மூன்று இடம். பிரிஞ்சாங்கில் இரவில் கூடும் பசார் மாலாம், ஆன்லைன் பார்சல், ஈப்போவில் பழைய சாமான் விற்கும் பசார் காராட். மூன்றிலும் குப்பைதான் அதிகம். அந்தக் குப்பைக்குள் நல்லது இருக்கிறது என்பது என் கட்சி.

வண்டிக்கு அடியில் நான் படுத்திருக்கும்போது மேலே எது தாங்குகிறதோ அதில் பேரம் கிடையாது. ஜேக்கும் ஸ்டாண்டும் நல்ல கடையில், புதிதாக. ஸ்குரூ டிரைவர் எவ்வளவு மலிவோ அவ்வளவு நல்லது, எப்படியும் அதை நெம்புகோலாகத்தான் நாசம் பண்ணப்போகிறோம். ஸ்பேனர் பழையதாக இருக்க வேண்டும். முப்பது வருஷம் ஒருவன் கையில் உழைத்தும் வாய் விரியாத ஸ்பேனர் இனிமேலா விரியப்போகிறது?

கைப்பையில் செபமாலையோடு இரண்டு போல்ட்டும் வைத்திருப்பேன். ஒன்று அரை இஞ்ச், மற்றது பதிமூன்று மில்லி. இந்த மலையில் ஓடும் பழைய பண்ணை வண்டிகள் இஞ்ச் கணக்கு, கடையில் தொங்கும் சாக்கெட் செட்டெல்லாம் மில்லி கணக்கு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். மாற்றிப் போட்டுத் திருகினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

பசார் காராட்டில் ஒரு நாள் ஒரு டோர்க் ரெஞ்ச் கண்ணில் பட்டது. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் அளவு வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் நீளமான சாமான். எஞ்சினைத் திறந்து மூடுகிறவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

"அக்கா, ஜெர்மன் சாமான்கா. கண்ண மூடிட்டு வாங்கலாம்லா," என்றான் கடைக்காரத் தம்பி.

"ஜெர்மன்காரன் பெயிண்ட இப்படி வழியவிட மாட்டான் தம்பி. நான் கண்ணத் தொறந்துகிட்டே வாங்குறேன், வெலயச் சொல்லு."

வாங்கிவிட்டேன். ஆனால் டோர்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்வதாலேயே அது உண்மை சொல்கிறது என்று ஆகிவிடாது. வீட்டில் எங்களிடம் ஒரு கொழுந்துத் தராசு இருந்தது. எஸ்டேட்டில் பறித்த கொழுந்தைச் சாக்கோடு மாட்டி நிறுக்கும் முள்ளுத் தராசு. டிஜிட்டல் வந்ததும் இதைக் கழித்துவிட்டார்கள், அந்தோணி கேட்டு வாங்கி வந்தார். இரும்புப் பிடியான வைஸில் ஒரு போல்ட்டைக் கடிக்கவைத்து, ரெஞ்சை அதில் மாட்டி, போல்ட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கைப்பிடியில் தராசின் கொக்கியைப் போட்டு இழுத்தேன். கணக்கு சுலபம்தான். ரெஞ்சில் ஒன்பது என்று வைத்தால் ஒரு மீட்டரில் ஒன்பது கிலோ இழுப்பு என்று அர்த்தம், ஆகவே அரை மீட்டரில் பதினெட்டுக் கிலோ இழுக்கும்போது 'டிக்' வர வேண்டும்.

முள் பதினெட்டைத் தொட்டது. டிக். மறுபடி இழுத்தேன். அங்கேயேதான்.

"ஸ்பேனர எடபோட்டு வாங்குற பொம்பள இந்த மலையிலயே நீ ஒருத்திதான் பிலோ," என்றார் அந்தோணி.

"உங்களயும் அன்னைக்கே எடபோட்டுப் பாத்திருக்கணும்," என்றேன்.

3. முனியாண்டியின் லேண்ட் ரோவர்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் முனியாண்டியின் பூத்தோட்டம். அவனும் அவன் மனைவி லெட்சுமியும் சாமந்தி போடுகிறார்கள். லெட்சுமி முன்பு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் பாதை மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கல். அதில் இறங்கி ஏறுவது அவர்களுடைய பழைய லேண்ட் ரோவர் ஒன்றுதான்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கும் நேரத்தில் அது ஆவி கக்கி நின்றுவிட்டது. வண்டி மேல் குற்றமே இல்லை. ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகியது, முனியாண்டி அதை ராபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். நான் போய் டிப்ஸ்டிக்கை இழுத்தேன். எஞ்சின் ஆயில் தே தாரேக் மாதிரி பால் டீ நிறத்தில் இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது.

"டவுன்ல மெக்கானிக்கக் கேட்டேன்கா. தீபாவளிக்கு அப்புறம் கொண்டாங்கறான்," என்றான் முனியாண்டி. "அதுக்கப்புறம் வண்டி எதுக்குக்கா எனக்கு? பூவு நிக்காதுக்கா."

தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஈப்போ மொத்த வியாபாரி ஒருவர் அவன் தீபாவளிப் பூ முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முதலில் வெட்டும் பூ அவர் லோரிக்கு வந்து சேராவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்பதும் அவர் பேச்சுதான். வண்டி இரவல் கேட்கலாம் என்றால் மற்றவர்கள் எல்லோருக்கும் அவரவர் பூ வெட்டு. அடுத்த போகத்துக்கு நாற்று வாங்குவதிலிருந்து வீட்டு அரிசி வரைக்கும் முனியாண்டி குடும்பம் அந்தப் பூவை நம்பி இருந்தது.

"நான் தொறக்குறேன்," என்றேன்.

அந்தோணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நம்ம வேன்னா சரி. அவன் பொழப்பு இது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. போல்ட்டு இஞ்சு, என்கிட்ட சாக்கெட்டும் இஞ்சு."

ஹெட்டைக் கழற்றினோம். நேர்க்கட்டையை வைத்துப் பார்த்தேன், வளைவு இல்லை. சுரண்டிச் சுத்தம் செய்தேன். கேஸ்கெட்டுக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, சாமான்களை முனியாண்டியின் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்தேன். பார்சல் தாமதமானது. நடுவில் ஆயுத பூஜை வந்துபோயிற்று. பூஜைக்கு மறுநாள் காலையில்தான் பார்சல்காரர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். முதல் வெட்டுக்கு லோரி வருவது அதற்கு அடுத்த நாள் காலை.

4. சந்தனப் பொட்டு

கேஸ்கெட்டை எடுத்துக்கொண்டு அந்தோணியோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். என் சாமான்கள் எல்லாம் வாழை இலையில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பசார் காராட்டில் துருவோடு வாங்கிய ஸ்பேனர்கூடப் பளபளத்தது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். என் சாமானுக்கு அதுவரை யாரும் பொட்டு வைத்ததில்லை. பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

லெட்சுமி ஒரு கிண்ணத்தில் சுண்டலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒங்க சாமானையும் சேத்து வச்சுக் கும்பிட்டோம்கா. கோவிச்சுக்காதீங்க."

"இதுக்கு யாராச்சும் கோவிப்பாங்களா?" என்று சொல்லிக்கொண்டே டோர்க் ரெஞ்சைக் கையில் எடுத்தேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கைப்பிடியைத் திருகினேன். வழக்கமாக வழுக்கிக்கொண்டு சுற்றும். அன்று மணல் விழுந்த மாதிரி நறநறவென்றது.

"தம்பி, இத என்ன செஞ்ச?"

முனியாண்டியின் முகத்தில் பெருமை. "மத்ததெல்லாம் தொடச்சு வச்சேன்கா. இதுதான எஞ்சினையே மூடப்போற சாமான்? இத மட்டும் மண்ணெண்ணெயில முழுசா ஊறவச்சுக் கழுவினேன்."

டோர்க் ரெஞ்சுக்கு உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் அதைச் சுற்றிக் கிரீஸும் இருக்கிறது. கிரீஸ் போய்விட்டால் உள்ளே பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது சொல்லும் 'டிக்'கை நம்ப முடியாது. எல்லாச் சாமானிலும் எது முக்கியம் என்று அவன் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான். அதனாலேயே அதற்கு அபிஷேகம் அதிகமாகிவிட்டது.

"இறுக்கிடலாம்கா. சாமி முன்னால வச்ச சாமான், ஒண்ணும் ஆவாதுலா," என்றான்.

இங்கேதான் சிக்கல். 'இது வேண்டாம்' என்று நான் சொன்னால், வேதக்கார அம்மா பூஜை செய்த சாமானைத் தொட மறுக்கிறாள் என்று லெட்சுமி மனதில் ஒரு முள் விழும். சொல்லாமல் இறுக்கினால் 'டிக்' தாமதமாக வந்து, போல்ட் அளவு மீறி முறுக்கேறும். ஒன்று எஞ்சினுக்குள்ளேயே முறிந்தாலும் அதை வெளியே எடுப்பதற்குள் தீபாவளி முடிந்துவிடும். பூவெல்லாம் செடியிலேயே கருகிவிடும்.

"ஏங்க, வீட்டுக்குப் போயித் தராச எடுத்துட்டு வாங்க," என்றேன் அந்தோணியிடம்.

கொட்டகை மேஜையில் இருந்த வைஸில் போல்ட்டைப் பிடித்து, ரெஞ்சை மாட்டி, கொக்கியைப் போட்டு முனியாண்டியையே இழுக்கச் சொன்னேன். ஒன்பதில் வைத்திருக்கிறேன், பதினெட்டில் டிக் வரணும் என்று மட்டும் சொன்னேன்.

முள் பதினெட்டைத் தாண்டியது. இருபது. இருபத்திரண்டு. முனியாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். இருபத்தைந்தில் 'டொக்' என்று மந்தமாக ஒரு சத்தம். இன்னொரு தடவை இழுத்தான். இந்தத் தடவை இருபத்தொன்றிலேயே வந்துவிட்டது.

கையை விட்டுவிட்டு நின்றான். "என்னாலயாக்கா?"

"ஆமா தம்பி. ஆனா சாமி ஒண்ணும் செய்யல. மண்ணெண்ணெய் செஞ்சது. உள்ள இருந்த கிரீஸக் கரைச்சிருச்சு."

லெட்சுமி சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப ஹாபிஸ்தானா அக்கா?"

"என்ன ஹாபிஸ்? ஒண்ணும் முடிஞ்சு போவல. ரெஞ்சு பொய் சொன்னாத் தூக்கிப் போடு. தராசு உண்மையச் சொல்லுதுல்ல? தராசுலயே இறுக்குவோம்."

5. சாக்குக்குக் கழிவு

அதுதான் அன்றைய வேலை. இஞ்ச் சாக்கெட்டில் ஒரு நீளக் கம்பியை மாட்டி, போல்ட்டின் நடுவிலிருந்து அரை மீட்டர் அளந்து அரத்தால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டில் தராசின் கொக்கி. தொங்கவேண்டிய தராசைப் படுக்கவைத்து இழுத்தால் முள் கொஞ்சம் பின்வாங்கும். அதைத் திருகிச் சைபருக்குக் கொண்டுவந்தேன். சாக்கெட் நழுவாமல் நான் அழுத்திப் பிடித்துக்கொள்வது, முனியாண்டி தராசைப் பிடித்து நேராக இழுப்பது, லெட்சுமி முள்ளைப் பார்த்துக் குரல் கொடுப்பது. நடு போல்ட்டில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஒரே மூச்சில் முழுக்க இறுக்கக் கூடாது. முதல் சுற்று பத்துக் கிலோ, அடுத்து பதினாலு, கடைசியில் பதினெட்டு.

லெட்சுமியைப் போல முள் பார்க்க இன்னொரு ஆள் கிடைக்காது. வாழ்நாள் முழுக்க நிறுவைக் கணக்கு எழுதும் கிராணியின் தோள்மேல் எட்டிப்பார்த்து, தன் கொழுந்து எத்தனை கிலோ என்று சண்டை போட்டவள். "எட்டு... ஒம்போது... பத்து! நிறுத்து!" என்று அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆள்கூட வேலையை நிறுத்தியிருப்பான்.

இரண்டு மூன்று போல்ட் போனது. அடுத்ததில் முனியாண்டி காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுப்பதுபோல எனக்குப் பட்டது. பத்துக் கிலோவுக்கு அப்படிச் சாய்கிற ஆள் இல்லை அவன். நான் கழுத்தைத் திருப்பித் தராசைப் பார்த்தேன்.

"பத்து! நிறுத்து!" என்றாள் லெட்சுமி.

"லெட்சுமி, முள்ளு எங்க நிக்குது?"

"பதினொண்ணுலக்கா."

"அப்புறம் ஏன் பத்துன்னு கத்துற?"

"சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கணும்லக்கா!"

அந்தோணி வெளியே போய்ச் சிரித்தார். முனியாண்டிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஏய், இங்க ஏதுடி சாக்கு? எஞ்சின இறுக்குறோம்டி!"

"எத்தன வருஷம் நான் பறிச்ச கொழுந்துல கழிச்சானுங்க! பழக்கம் வந்துருச்சு, என்ன செய்யச் சொல்ற?" என்று அவள் அவன் மேலேயே பாய்ந்தாள்.

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எஸ்டேட் தராசின் முன்னால் நின்ற எந்தப் பெண்ணுக்கும் முள் காட்டுவது ஒரு கணக்கு, கைக்கு வருவது ஒரு கணக்கு. முதல் சுற்று என்பதால் கெட்டுப்போனது எதுவுமில்லை. எல்லாவற்றையும் தளர்த்தினேன். "லெட்சுமி, இன்னைக்கு மட்டும் யாரு கொழுந்துலயும் கழிக்காத. முள்ளு எங்கயோ அதச் சொல்லு," என்றேன். மறுபடி நடுவிலிருந்து தொடங்கினோம்.

கடைசிச் சுற்றில் ஒவ்வொரு போல்ட்டும் பதினெட்டில் வந்து நின்றது. நான் அழுத்திப் பிடித்த கையில் உணர்வே இல்லை. பொழுது சாய்வதற்குள் ஹோஸ் புதிது மாட்டி, தண்ணீரும் ஆயிலும் ஊற்றி, சாவியைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, நின்றுவிட்டது. லெட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவ," என்றேன். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. ஹீட் ஏறும்வரை ஓடவிட்டு, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் ஆயில் நிறத்தில் இருந்தது.

6. இறக்கம்

எஞ்சின் குளிர்ந்தபின் போல்ட்டுகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும். விடிந்ததும் அதையும் தராசு வைத்தே முடித்தோம். முதல் லோடு ஏற்றியதும் நான் முனியாண்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வழியில் கொதித்தால் நான் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். பின்னால் சாமந்தி, அதற்கு மேல் லெட்சுமி. முனியாண்டி ரோட்டைப் பார்த்ததைவிட ஹீட் மீட்டரைத்தான் அதிகம் பார்த்தான்.

"ரோட்டப் பாரு தம்பி. முள்ள நான் பாத்துக்கிறேன்."

இறக்கம் முழுவதும் முள் பாதிக்கு மேல் போகவில்லை. ரோட்டோரத்தில் ஈப்போ லோரி நின்றிருந்தது. தவுக்கே ஒரு கொத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார். "நாளைக்கும் வருவேன். வண்டி போலேயா?" என்று கேட்டார்.

"போலே, போலே, நல்லா ஓடும்," என்றான் முனியாண்டி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

டோர்க் ரெஞ்சைப் பிறகு பிரித்துக் கிரீஸ் வைத்தேன். தராசில் போட்டுப் பார்த்ததும் மறுபடி பதினெட்டுக்கு வந்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தூக்கிப் போடவில்லை.

புதிதாகச் சாமான் வாங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மலிவாக வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் அளந்து சொல்லுகிற எந்தச் சாமானையும், விலை கூடினதோ குறைந்ததோ, அது சொல்கிறது என்பதற்காக மட்டும் நம்பாதீர்கள். அதைச் சரிபார்க்க, நீங்கள் ஏற்கெனவே நம்புகிற இன்னொன்று உங்கள் வீட்டிலேயே எங்காவது கிடக்கும். அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு அப்புறம் வண்டியைத் திறங்கள். எங்களுக்கு அது கொழுந்துத் தராசாக இருந்தது. முனியாண்டியின் வண்டி இன்றும் பூ ஏற்றுகிறது. அந்த ஹெட்டை அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை.